ஆடுகளத்தில் மேய்ப்பர் யார்?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற விளையாட்டு விழாவில், பரிசளிப்புக்கு முன் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பரிசு மேசையின் மேல் கண் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சாமியாரின் பிரசங்கம் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். காலையில் திருப்பலியில் ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டீர்கள். ஆகவே இப்போது பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஒரு கேள்வியை உங்கள் முன் வைத்து, அதற்கு நான் கண்ட விடையையும் சொல்லி அமர்ந்துவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு கற்பிக்கிறவள். மாலை வேளைகளில் நம் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுப்பவளும் அவளே. கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். அமெரிக்கக் கல்லூரி ஒன்று விளையாட்டுப் பயிற்சியளித்தல், விளையாட்டு நிர்வாகம் ஆகியவற்றில் பட்டதாரிகளுக்கான சான்றிதழ்ப் படிப்பை இணையவழியில் நடத்துகிறதாம். வீட்டிலிருந்தபடியே படிக்கலாமாம். "ஃபாதர், ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்" என்றாள்.

அப்போது அங்கிருந்த பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பந்து உதைக்கச் சொல்லிக் கொடுக்கவும் பட்டமா சாமி?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கடிதம் வாங்காமலே போய்விட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை இன்று உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். குருமடத்தில் பந்து விளையாடியவன் என்ற தைரியத்தில் அங்குள்ள பையன்களுக்கு நானே பயிற்சியாளர் ஆனேன். திருவிழாவையொட்டிக் கால்பந்துப் போட்டி. எங்கள் அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. எங்கள் அணியில் மிக நன்றாக ஆடும் பையனுக்கு அப்போது பதினாறு வயது. முந்தின நாளே அவனுடைய முழங்கால் வீங்கியிருந்தது. நான் தைலம் தடவி, துணியால் இறுக்கிக் கட்டி, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், இறங்கு" என்று சொல்லி அனுப்பினேன். கோப்பையை வென்றோம். ஆட்டம் முடிந்ததும் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. முழங்காலின் தசைநார் கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை. இன்றும் சற்றுச் சாய்ந்தே நடக்கிறான்.

அவனுடைய தாயார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கோப்பை வென்றதற்காகப் பங்கு மனைக்கு மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மிட்டாயின் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. என்னிடம் அன்பு இருந்தது; ஆர்வம் இருந்தது; ஜெபமும் இருந்தது. அறிவு இல்லை. வீங்கிய முழங்காலோடு யாரும் ஆடக்கூடாது என்ற ஒரே ஒரு பாடத்தை எனக்கு யாராவது கற்பித்திருந்தால், அந்தப் பையனின் வாழ்க்கை வேறு விதமாக இருந்திருக்கும்.

அன்பர்களே, விளையாட்டு திருச்சபைக்குப் புறம்பான காரியமன்று. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பந்தயத் திடலில் ஓடுகிறவர்களையே விசுவாச வாழ்வுக்கு உவமையாக எடுத்துக் கொண்டார். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டா என்று கேட்டு, உண்டு என்றே விடை சொன்னார். புனித தொன் போஸ்கோ தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்களைச் சேர்த்த இடங்களில் கோவிலுக்குப் பக்கத்திலேயே விளையாட்டு மைதானமும் இருந்தது. பிள்ளைகள் விளையாடும்போது குருவானவர் அவர்கள் நடுவில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கல்வி முறை. ஒலிம்பிக் போட்டிகளின் குறிக்கோளாகிய 'விரைவாக, உயர்வாக, வலிமையாக' என்பதும் ஒரு குருவானவர் தந்ததே. ஹென்றி திதோன் என்ற தொமினிக்கன் சபைத் துறவி 1891-இல் பாரிசுக்கு அருகே ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர்களுக்கு அளித்த முழக்கம் அது. அவருடைய நண்பர் கூபர்த்தென் 1894-இல் அதை ஒலிம்பிக் இயக்கத்துக்கு எடுத்துக் கொண்டார். 2021-இல் 'ஒன்றுபட்டு' என்ற சொல்லும் அதனோடு சேர்ந்தது.

அப்படியானால் பயிற்சியாளரைப் பயிற்றுவிக்கும் படிப்பு எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் போன பிறகு இதைத்தான் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இறையியல் படித்துவிட்டு அங்கே உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக 1891 டிசம்பரில் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி, கூடைப்பந்தை உண்டாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளரும் அவரே. நம் பள்ளிகளில் விசில் ஊதும் உடற்கல்வி ஆசிரியர்களின் பரம்பரைக்கும் அந்த ஊருக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

அமெரிக்காவிலே இல்லினாய் பல்கலைக்கழகம் 1919-இலேயே பயிற்சியாளர்களுக்கு நான்காண்டுப் பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. விளையாட்டை நிர்வகிப்பதற்கென்று முதுகலைப் படிப்பை 1966-இல் ஒஹையோ பல்கலைக்கழகம் தொடங்கியது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் கழகத்தின் தலைவராயிருந்த வால்டர் ஓமாலி, இப்படி ஒரு படிப்பு தேவை என்று 1957-இல் ஒரு பேராசிரியருக்கு எழுதிய கடிதமே அதற்கு விதை. இன்று அந்நாட்டில் பல பல்கலைக்கழகங்கள், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் உட்பட, இப்படிப்புகளை நடத்துகின்றன. முதுகலைப் பட்டத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 36 மதிப்பலகுகள் படிக்க வேண்டும். சான்றிதழுக்குப் பெரும்பாலும் 12 முதல் 18 போதும். அதாவது நான்கு முதல் ஆறு பாடங்கள். வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் ஓராண்டு அளவில் முடிக்கலாம்.

அந்தப் பாடங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பந்தை எப்படி உதைப்பது என்பது அதில் சிறு பகுதிதான். மற்றவற்றை மூன்றாகச் சொல்லலாம்.

முதலாவது, உடலைக் காப்பது. வெயிலில் ஓடும் பிள்ளை தள்ளாடி, குழம்பிப் பேசி, மயங்கி விழுந்தால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடனே உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரால் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். குளிர்வித்தல் முதலில், ஏற்றிச் செல்லுதல் பிறகு என்பது அவர்களுடைய விதி. 2001-இல் கோரி ஸ்டிரிங்கர் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கால் இறந்தார். அதன்பின் அவர் பெயரால் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஓர் ஆய்வு நிலையமே ஏற்பட்டது. தலையில் அடிபட்டுத் தலை சுற்றும் பிள்ளையை அன்று மறுபடியும் களத்தில் இறக்கக்கூடாது. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே இறக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2009-இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. நாமோ, "தண்ணீர் குடித்தால் ஓட முடியாது" என்று பிள்ளைகளைத் தாகத்தோடு ஓடவிட்டவர்கள்!

இரண்டாவது, பிள்ளையின் மானத்தைக் காப்பது. இதைச் சொல்லும்போது நாம் தலை குனிந்தே சொல்ல வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராயிருந்த ஒருவர் நூற்றுக்கணக்கான சிறுமியருக்கு இழைத்த கொடுமை வெளிப்பட்டு, அவர் 2018-இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். விளையாட்டு அமைப்புகளில் உள்ள பெரியவர்கள் அத்தகைய புகார்களை மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்று அதே ஆண்டில் அங்கே சட்டம் வந்தது. நம் திருச்சபையும் இந்தப் பாவத்திலிருந்து விடுபட்டதன்று. அதனால்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் கடுமையான விதிகளை ஏற்படுத்தினார். நம் நாட்டிலும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, குழந்தைக்கு இழைக்கப்படும் பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும். பயிற்சியாளர் ஒரு பிள்ளையோடு தனியே அடைந்த அறையில் இருக்கலாகாது, பயணத்துக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பன போன்ற ஒழுங்குகளை இப்படிப்பில் பாடமாகவே வைக்கிறார்கள்.

மூன்றாவது, நீதியைக் காப்பது. நிர்வாகம் என்றால் நாற்காலி என்று நினைக்கிறோம். கணக்கு, காலஅட்டவணை, மைதானம், பந்து இவற்றை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதே நிர்வாகம். அமெரிக்காவில் 1972-இல் ஒரு சட்டம் வந்தது. அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு கூடாது என்றது அச்சட்டம். அதற்கு முன் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண் பிள்ளைகள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் அதிகம். பெண்களுக்கு விளையாட்டில் ஆசை இல்லை என்று அதுவரை சொல்லி வந்தார்கள். ஆசை இருந்தது, இடம்தான் இல்லை. நம் மைதானத்தை எண்ணிப் பாருங்கள். மாலை ஐந்து மணி முதல் இருட்டும் வரை அது யாருக்கு? ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகள் நான்கு மணி வெயிலில் ஓடுகிறார்கள். இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவர்கள் நாம்தான்.

இவ்வளவும் சொன்னதால், விளம்பரத்தைக் கண்டதும் பணத்தைக் கட்டிவிடுங்கள் என்று சொல்வதாக நினைக்கக்கூடாது. எச்சரிக்கையும் தேவை. அந்தக் கல்லூரி அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். பின்னால் முதுகலை படிக்க விரும்பினால் இந்த மதிப்பலகுகளை ஏற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் பல ஆயிரம் டாலர் ஆகலாம். அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது விவேகமன்று. இந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு நம் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகிவிட முடியாது, அதற்கு பி.பி.எட். போன்ற நம் நாட்டுப் பட்டம் வேண்டும். பயிற்சியாளராக விரும்புகிறவர்களுக்கு 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் பட்டயப் படிப்பும் நடத்தி வருகிறது. நம் மாநிலத்திலேயே உடற்கல்விக்கென்று தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

மேலும் ஒன்று. சட்டத்தையும் கணக்கையும் உளவியலையும் திரையில் படிக்கலாம். அழுகிற பிள்ளையின் தோளில் எப்போது கை வைப்பது, தோற்ற அணியிடம் என்ன பேசுவது என்பதை மைதானத்தில்தான் கற்க வேண்டும். குருமடத்தில் எட்டு, பத்து ஆண்டுகள் படித்த எங்களுக்கும் மேய்ப்புப் பணியைக் கற்றுத் தந்தவர்கள் பங்கு மக்களே. ஆனால் அந்தப் படிப்பு வீண் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. ஆட்டுக்கு நோய் கண்டால் மேய்ப்பனுக்கு மருந்து தெரிய வேண்டும். அன்பு மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி.

மறு வாரம் அந்தப் பெண்ணை அழைத்து, சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி! "முதலில் கோடை விடுமுறையில் இங்கேயே ஆறு வாரப் படிப்பை முடிக்கிறேன் ஃபாதர். அப்புறம் பணம் சேர்த்துக்கொண்டு அமெரிக்கச் சான்றிதழைப் பார்க்கலாம்" என்று அவளே சொன்னாள். சிபாரிசுக் கடிதத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல் கொடுத்திருக்கிறேன்.

இனி உங்கள் முறை. பொன்விழா நிதியில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய தொகையை வைத்து மைதானத்துக்கு அலங்கார வளைவு கட்டலாம் என்று பேரவையில் ஒரு யோசனை இருக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் என் விண்ணப்பம் இது: அந்தப் பணத்தில் ஒவ்வோர் ஆண்டும் நம் இளைஞர் இருவருக்கு, ஓர் ஆண், ஒரு பெண், பயிற்சியாளர் படிப்புக்கு உதவி செய்வோம். நம் மைதானத்தில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஒவ்வொருவரும் முதலுதவி கற்கட்டும். மாலை ஐந்து மணி நேரத்தை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் நாள் விட்டு நாள் பகிர்ந்து கொள்ளட்டும். வளைவுக்கு அடுத்த விழா வரை காத்திருக்கலாம். பிள்ளையின் முழங்கால் காத்திராது.

பங்குப் பேரவையில் அன்று சிரித்தவர், நம்மோடு இங்கே அமர்ந்திருக்கிறார். முதல் நன்கொடை அவருடையது என்பதை அவர் அனுமதியோடு அறிவிக்கிறேன்.

அன்பு இளைஞர்களே, கோப்பைகள் அலமாரியில் கறுத்துப் போகும். நீங்கள் காத்து வளர்த்த பிள்ளை நிமிர்ந்து நடப்பான்; அதுவே ஆண்டவர் முன் நீங்கள் காட்டும் வெற்றி. நல்ல மேய்ப்பராகிய இயேசு நம் ஆடுகளத்துக்கும் மேய்ப்பராக இருந்து, உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

 இனிப் பரிசுகளைக் கொடுப்போம்.