இரத்தக் கணக்கும் மருத்துவச் செலவும்



பொருளாதாரம் பயின்றவன் இரத்த அணுக்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவத்திலும் கணக்கு உண்டு. அதைத் தவறாகப் படித்தால் குடும்பமும் அரசும் ஒருங்கே இழப்புக்குள்ளாகின்றன.

நலமுள்ள ஒருவரின் இரத்த வெள்ளணுக்களில் ஏறக்குறைய 40 முதல் 70 சதவீதம் நியூட்ரோபில்கள். 20 முதல் 40 சதவீதம் லிம்போசைட்டுகள். நுரையீரல் புற்றுநோய் முற்றும்போது பலரிடம் முன்னவை பெருகுகின்றன, பின்னவை குறைகின்றன. கட்டியிலிருந்து வெளிப்படும் சில பொருள்கள் எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவது இதற்கு ஒரு காரணமாகும். லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி அணுக்களும் இடைவிடாத போராட்டத்தால் செயல் குன்றுகின்றன. நியூட்ரோபில் விகிதம் மிகுந்த நோயாளிகளின் ஆயுட்காலம் பொதுவாகக் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

டி அணுக்களைக் கட்டுப்படுத்தும் தடைகளை நீக்கிச் சிகிச்சையளிக்க வழிகண்ட ஜேம்ஸ் அல்லிசன், தசுகு ஹோஞ்சோ ஆகிய இருவரும் 2018-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இவ்வகை மருந்தான டர்வலுமாப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு 2024 ஜூலை மத்திய வரவு செலவுத் திட்டத்தில் சுங்கவரி விலக்களிக்கப்பட்டது. ஆயினும் இவ்வகைச் சிகிச்சை எளிய குடும்பங்களுக்கு எட்டாததாகவே உள்ளது. இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையோ மிக மலிவானது.

மலிவானது என்பதால் அதைக்கொண்டே நோயை அறிந்துவிடலாம் என்று கருதலாகாது. காசநோய், நிமோனியா, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் இக்கணக்கை மாற்றும். புற்றுநோய் இருந்தும் எண்ணிக்கை இயல்பாக இருக்கக்கூடும். நோயை உறுதி செய்ய சி.டி. படமும் திசுப் பரிசோதனையும் இன்றியமையாதவை. நோய் உறுதியானவரின் நிலையை மதிப்பிடவே அணுக் கணக்கு துணைபுரியும்.

நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோயைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது அரிதன்று. அந்த மாதங்களில் அறுவைச் சிகிச்சைக்கான வாய்ப்பே கைநழுவிப் போகலாம். சளியில் கிருமி காணப்படாமலும் மருந்தால் இருமல் தணியாமலும் உள்ளவரைத் தாமதமின்றி உயர் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். புதிய கருவிகளுக்கு நிதி கோருமுன் அதிகாரிகள் இதனைக் கவனித்தல் நலம்.

தடுப்புப் பணியும் பயன் தருவதே. புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10-இல் 34.6 சதவீதமாக இருந்தனர். 2016-17-இல் இது 28.6 சதவீதமாகக் குறைந்தது. புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு; எனினும் பெரும் காரணம் புகையிலையே. திட்டமிடும் பொறுப்பை நாளை ஏற்கவிருக்கும் மாணவர்கள், மருந்தின் விலையோடு காலதாமதத்தின் விலையையும் கணக்கிடப் பழக வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.