கல்லில் யாருக்கு இடம்?



மறைந்த தோழரின் நினைவாக நடக்கும் உரை இது. ஆகவே நினைவுச்சின்னங்களைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டக்கோட்டா மக்கள் 1862இல் நடத்திய போரின் இடங்களை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்து வந்தோம். அந்தப் போருக்குப் பின் டக்கோட்டாக்கள் தூக்கிலிடப்பட்ட நாள் டிசம்பர் 26. டிசம்பர் 25இல் வெண்மணியை நினைப்பவர்கள் நாம்.

போர் ஏன் வந்தது? 1851 ஒப்பந்தங்களில் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் நிலம் டக்கோட்டாக்களின் கையைவிட்டுப் போனது. மின்னசோட்டா ஆற்றங்கரையில் ஒரு கீற்று நிலம் மட்டும் மிஞ்சியது. அதிலும் பாதியை 1858இல் எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்கு ஈடாகத் தருவதாகச் சொன்ன ஆண்டுத்தொகை 1862இல் வரவில்லை. அரசுக் கிடங்கில் உணவு இருந்தது. மக்கள் பட்டினி கிடந்தார்கள். வணிகர்கள் கடன் தர மறுத்தார்கள். ஆகஸ்டில் போர் வெடித்தது. குடியேறிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

வென்றவர்கள் ஊர்தோறும் கல் நட்டார்கள். நியூ உல்ம் நகரில் 1891இல், பிர்ச் கூலி போருக்காக 1894இல், ரிட்ஜ்லி கோட்டையில் 1896இல் சின்னங்கள் எழுந்தன. போரிட்ட டக்கோட்டாக்களின் பெயரை அவற்றில் தேட வேண்டியதில்லை.

மார்ட்டன் என்ற சிற்றூரில் 1899இல் நட்ட தூண்தான் எங்களை அதிக நேரம் நிறுத்திவைத்தது. அது 'விசுவாசமான இந்தியர்'களுக்கான தூண். அதில் பெயர் பொறிக்கப்பட ஒரு தகுதி வேண்டும்: போர்க்காலம் முழுவதும் விசுவாசமாக இருந்து, வெள்ளையர் ஒருவரது உயிரையாவது காப்பாற்றியிருக்க வேண்டும். உயிரைக் காப்பது உயர்ந்த செயல். அந்த மனிதர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. கல் நட்டவர்களின் கணக்கையே கேட்கிறோம். வெள்ளையரின் உயிரைக் காத்தவருக்குத் தூண். தன் பிள்ளையின் பசியைக் காக்கக் கிடங்குக் கதவைத் தட்டியவருக்கு என்ன? பண்ணையாருக்கு உயிரைக் கொடுத்த வேலையாளின் கதையைப் பெருமையாகச் சொல்லி, கூலி கேட்டவனின் பெயரை மறந்துவிடும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். அந்தத் தூண் எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அடுத்து மன்கேட்டோ. இராணுவ ஆணையம் 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. வழக்கறிஞர் கிடையாது, சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதிபர் லிங்கன் பட்டியலைக் குறைத்தார். ஒரே மேடையில் ஒரே நேரத்தில் 38 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய கூட்டுத் தூக்கு அதுதான். அன்றிரவே மருத்துவர்கள் உடல்களைத் தோண்டி எடுத்து, அறுத்துப் பார்க்கக் கொண்டுபோனார்கள்.

அந்த இடத்தில் 1912இல் ஒரு கருங்கல் நட்டார்கள். 38 என்ற எண்ணும் தேதியும் அதில் இருந்தன. ஒரு பெயர்கூட இல்லை. எதிர்ப்பு வலுத்த பின் 1971இல் அதை அகற்றினார்கள். பிறகு அந்தக் கல்லே காணாமல் போனது. அதே 1971இல்தான், போரை வழிநடத்திய தலைவர் லிட்டில் குரோவின் எச்சங்கள் அவர் குடும்பத்தாரிடம் சேர்ந்து அடக்கமாயின. 1863இல் சுட்டுக் கொல்லப்பட்ட மனிதர் அவர். அவருடைய மண்டையோட்டை மாநில வரலாற்றுக் கழகம் காட்சிப் பொருளாக வைத்திருந்தது.

தூக்கிலிடப்பட்டு 150 ஆண்டுகள் நிறைந்த நாளில், 2012 டிசம்பர் 26இல், மன்கேட்டோவில் 38 பேரின் பெயர்களுடன் புதிய நினைவிடம் திறக்கப்பட்டது. தென் டக்கோட்டாவிலிருந்து பனியில் குதிரையேறி வந்தவர்கள் அங்கே கூடினார்கள். எண்ணாக இருந்தவர்கள் பெயரானார்கள். பெயர் இருந்தால் அவன் யாருடைய மகன், யாருடைய தகப்பன் என்று கேட்க முடியும். எண்ணிடம் அப்படிக் கேட்க முடியாது.

ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகையில் 1862-63 குளிர்காலத்தில் சுமார் 1,600 பேர் அடைத்துவைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். 1863இல் ஒப்பந்தங்கள் ரத்தாயின. டக்கோட்டாக்களை மாநிலத்தைவிட்டே வெளியேற்றச் சட்டம் வந்தது.

நினைவிடம் எழுப்பியதோடு கடன் தீர்ந்துவிடுமா? போர் தொடங்கிய லோயர் சூ ஏஜென்சியில் சுமார் 115 ஏக்கர் 2021இல் அந்த மக்களிடமே திரும்பியது. 2.4 கோடிக்கு முன்னால் அது ஒரு பிடி மண். ஆனாலும் மண். பஞ்சமி நிலம் கேட்டுப் போராடுகிறவர்களுக்கு அந்த ஒரு பிடியின் எடை தெரியும்.

கல்லில் பெயர் வேண்டும். காலுக்குக் கீழே நிலமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறக்கச் சொல்பவர்களிடம் நாம் இரண்டையும் சேர்த்தே கேட்போம்.