தள்ளிவைத்தலும் திருத்துதலும்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஒழுங்கு தவறி நடப்போரைச் சமூகம் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றது என்னும் விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார். விஷயமோ பெரிது, எமக்களித்த நேரமோ அரை மணி. அன்றியும் பந்திக்கு இலை போடும் ஓசை இங்கு வரையில் கேட்கின்றது. ஆதலின் சுருங்கக் கூறுவாம்.

தவறு நிகழாத சமூகம் உலகில் எங்கும் இருந்ததில்லை. பிரான்சு தேசத்து அறிஞர் எமீல் துர்க்கைம் என்பார் 1895-ம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இதனை விளக்கமாக ஆராய்ந்துள்ளார். புண்ணிய புருஷர்கள் மாத்திரமே கூடி வாழும் மடமொன்று இருப்பினும், பிறர் பொருட்படுத்தாத அற்பப் பிழையும் அங்கே பெருங்குற்றமாக எண்ணப்படும் என்பது அவர் கருத்து. குற்றம் இன்னதென்று வகுப்பதும் காலந்தோறும் மாறுகின்றது. கப்பலேறிக் கடல் கடந்தவன் பிராயச்சித்தம் செய்துகொண்டாலன்றி வீட்டினுட் புகலாகாது என்று விதித்த ஜாதிகள் இந்நாட்டில் இருந்தன. இன்றோ, அயல்நாட்டிலிருக்கும் பிள்ளையின் பெயருக்குக் கீழே அந்நகரத்தின் பெயரையும் சேர்த்தன்றோ கல்யாணப் பத்திரிகை அச்சிடுகின்றோம்!

நிற்க. தவறு செய்தவனைக் கட்டுப்படுத்துதல் வேறு. தவறு செய்வான் என்று முன்கூட்டியே ஒரு கூட்டத்தார்க்கு முத்திரையிடுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் விளைந்த கேட்டுக்குக் குற்றப் பரம்பரைச் சட்டத்தினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. 1871-ல் ஆங்கில அரசாங்கத்தார் இதனை முதலில் வடநாட்டில் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். 1911-ம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு ஜாதியாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அரசாங்கம் அறிவித்துவிடின், அவருள் ஒருவன் கனவிலும் களவு நினையாதவனாயினும் பதிவேட்டில் பெயரெழுதிக் கைரேகை வைத்தல் வேண்டும். குறித்த வேளையில் ஆஜர் கொடுத்தல் வேண்டும். வெளியூர் செல்வதற்கு ராதாரிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் பலர் தம் வீட்டில் மனைவி மக்களோடு இரவு தங்கவும் இயலாமல் காவலர் கண்பார்வையில் படுத்துறங்க நேர்ந்தது. அவருள் அநேகர் தலைமுறை தலைமுறையாக ஊர்களுக்குக் காவல் புரிந்து அதற்குரிய கூலி பெற்றவர்கள் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். புதிய போலீஸ் வந்தது; பழைய காவல் உரிமை போயிற்று; நேற்றுக் காவற்காரன் இன்று சந்தேகத்துக்குரியவன் ஆயினான்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ம் தேதி, பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்து நின்றனர். போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்ணுட்பட 15-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மக்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்களை அவர்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோர் பின்னர் இக்கிளர்ச்சியை நடத்தினர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-ல் நீங்கியது. இந்தியா முழுவதிலும் 1952-ல் நீங்கியது. சட்டம் போயிற்று, பெயர் போகவில்லை. சீர்மரபினர் என்னும் புதிய பெயரைப் பெற்ற பின்னரும் அம்மக்கள் அந்தப் பழைய நிழலைச் சுமந்தே வாழ நேர்ந்தது.

"அது வெள்ளைக்காரன் செய்தது, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கக்கூடும். யாமும் நெடுநாள் அவ்வாறே நினைத்திருந்தோம். ஆதலால் எமது இருபத்திரண்டாம் வயதில் நிகழ்ந்த ஒன்றை, ஊரும் பேரும் விடுத்து, இச்சபையில் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

எமது ஊரில் கோயில் மகமைப் பணத்தைக் கையாண்ட ஒருவர் கணக்குக் காட்ட இயலாமல் நின்றார். தொகை பெரிதன்று, ஆயினும் பொதுப்பணம். ஊர் கூடிற்று. அபராதம் விதித்ததோடு நில்லாமல், அவர் வீட்டையே தள்ளிவைப்பதென்று தீர்மானித்தனர். அவ்வீட்டாரோடு கொள்வினை கொடுப்பினை இல்லை. நன்மை தீமைக்கு ஒருவரும் போகலாகாது. நெருப்பும் உப்பும் கொடுக்கலாகாது. அத்தீர்மானத்தில் பதினொருவர் கையொப்பமிட்டனர். ஒன்பதாவது கையொப்பம் எம்முடையது.

அவ்வாண்டு ஐப்பசி அடைமழையில் அவருடைய தந்தையார் இறந்தார். பாடை தூக்க ஆளில்லை. அடுத்த ஊரிலிருந்து நால்வரைக் கூலி பேசி அழைத்து வந்தனர். யாம் எமது வீட்டுச் சன்னலின் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, மற்றொரு கதவின் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். முதியவர் எமக்கு எழுத்தறிவித்தவர்.

அவ்வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மகமைப் பணத்தில் காலணாவும் அவன் தொட்டறியான். "திருட்டு வீடு" என்று பிள்ளைகள் ஏசினமையால் அவன் பள்ளிக்கூடத்தை விட்டான். பின்னர் ஊரையும் விட்டான். சில ஆண்டுகள் சென்றபின் பட்டணத்தில் பணப்பை திருடியதாக அவனைப் பிடித்தனர் என்ற செய்தி வந்தது. "அன்றே சொன்னோமன்றோ!" என்று பெரியவர்கள் திருப்தியோடு கூறினர். அவர்கள் அன்று சொன்னதே அவனை அங்குக் கொண்டுபோய் நிறுத்திற்று என்பது எமக்கு அக்காலத்தில் தோன்றவில்லை. அரசாங்கத்தின் கைரேகைப் பதிவேட்டுக்கும் எமது தீர்மானப் புத்தகத்துக்கும் அளவில் பேதமுண்டு, வகையில் பேதமில்லை.

அச்சம் இல்லாவிடின் கட்டுப்பாடு ஏது என்று வினவுவோர் உளர். கேள்வி நியாயமானதே. அந்நிகழ்ச்சிக்குப் பின் எமது ஊர் மகமைக் கணக்கில் பிழை நேர்ந்ததில்லை என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் அதே ஆண்டு தொடங்கி, வரவு செலவை மாதந்தோறும் கோயிற் சுவரில் ஒட்டி வந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. இரண்டனுள் எது பயன்பட்டது? சுவரில் ஒட்டிய காகிதமே என்பது எமது துணிபு.

ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட் 1989-ல் எழுதிய நூலில் நாணுறுத்துதலை இரு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். செய்த செயலைக் கண்டித்து, செய்தவனை மீண்டும் தம்முள் சேர்த்துக்கொள்வது ஒன்று. அவனையே இழிந்தோன் என்று முத்திரையிட்டு வெளியே நிறுத்துவது மற்றொன்று. முன்னது குற்றத்தைக் குறைக்கும். பின்னது வளர்க்கும் என்பார் அவர். வெளியே நின்றவன் தன்னைப் போன்ற வெளியாரோடன்றி வேறு யாரோடு சேர்வான்?

சட்டத்தின் நிலையையும் சிறிது நோக்குவாம். ஜாதி விலக்கைத் தடுக்கப் பம்பாய் மாகாணத்தார் 1949-ல் இயற்றிய சட்டத்தை, மதப் பிரிவினரின் உரிமைக்கு முரணென்று 1962-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கிற்று. ஆயினும் மராட்டிய மாநிலத்தார் 2016-ல் சமூகப் புறக்கணிப்பைத் தண்டிக்க வேறொரு சட்டம் இயற்றினர். மூன்றாண்டு வரையில் சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரையில் அபராதமும் அதில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2011-ல் கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றமே கூறியுள்ளது. இவற்றுக்கு அஞ்சியே நாம் திருந்தவேண்டுமென்று யாம் சொல்லவரவில்லை. அறியாமலும் இருத்தலாகாது.

நமது சங்க விதிப்புத்தகத்தில், பொதுப்பணத்தில் குறை வைத்தவரையும் "அவர் குடும்பத்தாரையும்" நீக்கிவைக்கலாம் என்று ஒரு விதி இன்னும் இருக்கின்றது. பல ஆண்டுகளாக அதனை எடுத்தாளவில்லை என்று காரியதரிசி கூறுகிறார். எடுத்தாளாத கத்தியையும் குழந்தைகள் நடமாடும் வீட்டில் யாரும் திறந்து வைப்பதில்லை. அவ்விதியை அடியோடு நீக்கி, குறை வைத்தவர் மாத்திரம் பணத்தைத் தவணையில் செலுத்தவும், மகாசபையில் தமது தவற்றை ஒப்புக்கொள்ளவும், கடைசித் தவணை தீர்ந்த நாளிலேயே தமது இடத்தை மீளப் பெறவும் புதிய விதி எழுதவேண்டுமென்று யாம் முன்மொழிகின்றோம். கணக்கை மாதந்தோறும் இப்பத்திரிகையிலேயே வெளியிடுதலும் வேண்டும்.

இதனை மறுக்கும் எண்ணமுடையவர்கள் நாளை திண்ணையில் அமர்ந்து பேசாமல், பந்திக்கு எழுமுன் இச்சபையிலேயே தம் காரணங்களை எடுத்துரைக்குமாறு மிகவும் வேண்டிக்கொள்ளுகின்றோம்.