வென்ற வழக்கும் திருத்திய சட்டமும்

1821ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் ஊரில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் ஒரு வழக்கில் வென்றார். எதிர்த்தரப்பில் நின்றவர் சேரிட்டி பட்லர் என்ற கறுப்பினத் தாய். வெளி மாநிலத்திலிருந்து அழைத்துவரப்பட்ட அடிமை பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கினால் விடுதலை என்பது சட்டம். சேரிட்டி தங்கிய நாட்கள் தொடர்ச்சியானவை அல்ல என்று வாதாடினார் ஸ்டீவன்ஸ். நீதிமன்றம் ஏற்றது. தாயும் பிள்ளைகளும் மீண்டும் அடிமைகளானார்கள்.

இதை மறைத்துவிட்டு அவர் புகழ் பாடுவது நேர்மையாகாது. பின்னாளில் தப்பி வந்த அடிமைகளுக்காகவே அவர் வாதாடினார். 1838இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்த மாநில அரசியல் சட்டத்தில் கையெழுத்திடவும் மறுத்தார்.

ஊனமான பாதத்தோடு வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த ஏழைப் பிள்ளை அவர். தாய்தான் பாடுபட்டுப் படிக்கவைத்தார். அந்த அருமை தெரிந்ததால்தான் 1835இல், ஊர்ப் பிள்ளைகள் படிக்க நாங்கள் ஏன் வரி கட்டவேண்டும் என்று பலர் பொதுப்பள்ளிச் சட்டத்தை ஒழிக்கப் பார்த்தபோது, பென்சில்வேனியா மாநில சபையில் எழுந்து பேசினார். மேலவை அதை ரத்துசெய்ய ஏற்கெனவே வாக்களித்திருந்தது. அவர் பேசிய பிறகு சட்டம் பிழைத்தது. தன் வாழ்நாளின் பெரும்பணி என்று அவர் கருதியது இதைத்தான். எனக்கும் அதில் மறுப்பில்லை.

1849இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குள் நுழைந்தார். உள்நாட்டுப் போரில் லிங்கன் அரசின் செலவுக்குப் பணம் திரட்டிய குழுவுக்குத் தலைவர் அவரே. 1863இல் தென்மாநிலப் படை பென்சில்வேனியாவின் கலிடோனியாவில் இருந்த அவருடைய இரும்பாலையைக் கொளுத்தியது. அவர் ஓர் அங்குலமும் இறங்கிவரவில்லை. குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் அனைவருக்கும் என்ற, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தத்தை, 1866இல் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று நிறைவேற்றினார்.

தோற்றதும் உண்டு. பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலையான வயதுவந்த ஆண்களுக்குத் தலா 40 ஏக்கர் தரவேண்டும் என்றார். சபை கேட்கவில்லை. உழுதவனுக்கு நிலம் கிடைக்காததால், விடுதலைக்குப் பின்னும் அவன் பழைய எஜமானின் வயலிலேயே குத்தகைக் கடனில் மாட்டிக்கொண்டான். அமெரிக்கா செய்த பெரும்பிழை அது என்பேன்.

1868 ஆகஸ்ட் 11 அன்று ஸ்டீவன்ஸ் காலமானார். நிறம் பார்த்துப் புதைக்கும் இடுகாடுகளை ஒதுக்கி, எல்லோரையும் ஏற்ற, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் இருந்த சிறிய இடுகாட்டை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். பொதுப்பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது ஆதாரமாகக் கொண்டது 14ஆம் திருத்தத்தைத்தான்.