விடும் மூச்சு

நீங்கள் கேட்பது இரண்டாவது பதிவு. முதல் தடவை இரண்டு வரி படிப்பதற்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "சார், மாடிப்படி ஏறி வந்தீங்களா? வரிக்கு வரி மூச்சு வாங்குறது மைக்கில விழுது. கொஞ்சம் சும்மா உட்காருங்க." மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேச வந்தவனுக்கு இது வேண்டும்தான்.

உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கை அசையவே இல்லை. தோள்பட்டைதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் மூச்சுக்குக் கணக்கே கொடுத்திருக்கிறார். இடது நாசியால் இழுக்கும் பூரகம் 16, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளியே விடும் இரேசகம் 32. எல்லாம் மாத்திரைக் கணக்கு என்பார்கள் உரைகாரர்கள். குறில், நெடிலை அளக்க இலக்கணம் வைத்திருக்கும் அதே மாத்திரைதான்; கண் இமைக்கிற, விரல் நொடிக்கிற நேரம். கூட்டிப் பாருங்கள், ஒரே மூச்சுக்கு 112 மாத்திரை! நாமோ சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறவர்கள்.

இதைக் கேட்டதும் பலரும் அந்த 64-இன் மேல்தான் பாய்வார்கள். தம் கட்டுவதில் ஒரு வீரம் தெரிகிறது அல்லவா? அதை ஆசான் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். என் கண் போவது மற்ற இரண்டு எண்களின் மேல்: விடும் மூச்சு, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு.

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தளரும். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போதுதான் இதயத்தின் கடிவாளத்தை நன்றாகப் பிடிக்கிறது.

இத்தாலியில் பவியா நகரத்து மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லச் செய்தார்கள். யோக மந்திரம் ஒன்றையும் சொல்லச் செய்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. சொல்லும் வரி நீளமானால் மூச்சும் கூடவே நீள்கிறது. வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நிதானமாகப் பாடுகிற பாட்டிமார் இந்தப் பயிற்சியைப் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள் போலும்.

வாயை மூடிக்கொண்டு, மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுங்கள்; வயிறு எழும்பட்டும். எட்டு எண்ணும்வரை விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்யலாம்.

விட்டு முடிந்தபின், அடுத்த மூச்சு தானாக வருமுன் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்தக் கணத்தில் எனக்குப் பெரும்பாலும் எந்த நினைப்பும் வருவதில்லை. தியானம் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறதாம். ஐந்து மூச்சுக்குக் காணும்.