ஜீப்பின் அடியில் ஒரு மூட்டு



போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் காலையில் ஜீப்புகள் புறப்படும். மலை ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டத்துக்குள் போனால் பல இடங்களில் கல்லும் சேறும்தான். உள்ளே கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். இப்படி ஓடும் ஜீப்புகளில் பழைய வண்டிகளும் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் அவை.

அந்த வண்டியின் அடியில் இருக்கும் ஒரு சிறு இரும்பைப் பற்றி இன்று பேசுவோம்.

எஞ்சின் முன்னால் இருக்கிறது. அதன் சுழற்சி பின்சக்கரத்துக்கு எப்படிப் போகிறது? ஒரு நீளத் தண்டு வழியாகப் போகிறது. அதன் பெயர் புரொப்பல்லர் ஷாப்ட். முன்சக்கரங்களுக்கும் இப்படி ஒரு தண்டு உண்டு. பள்ளத்தில் சக்கரம் மேலும் கீழும் ஆடும். தண்டோ வளையாது. அதனால் தண்டின் இரண்டு முனையிலும் மடங்கும் மூட்டு இருக்கிறது. மூட்டின் நடுவில் கூட்டல் குறி போல ஓர் இரும்பு. பட்டறையில் இதை யு.ஜே. கிராஸ் என்பார்கள். அதற்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு கப். கப்புக்குள் ஊசி போன்ற சிறு உருளைகள். அவை தேயாமல் உருள கிரீஸ் வேண்டும்.

ஓடையில் இறங்கினால் தண்ணீர் கிரீஸைக் கழுவிவிடும். உள்ளே துரு பிடிக்கும். அப்போது மூட்டு பேசத் தொடங்கும். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போலக் 'கீச் கீச்' என்று கேட்கும். ரிவர்ஸ் கியர் போட்டால் 'டக்' என்று அடிக்கும். கப்பைச் சுற்றிச் செம்மண் போலத் துருப்பொடி தெரியும்.

"சத்தம்தானே, ஓடட்டும்" என்று விடலாமா? கூடாது. காரணம் இருக்கிறது. பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், இந்தத் தண்டின் தலையில் இருக்கிறது. அது தண்டைப் பிடிக்கும். தண்டு சக்கரத்தைப் பிடிக்கும். ஓட்டுநர் மேட்டில் வண்டியை நிறுத்துகிறார். கைப்பிரேக் போடுகிறார், கியரிலும் விடுகிறார். பின் மூட்டு உடைந்தால் என்ன ஆகும்? கைப்பிரேக்கும் பிடிக்காது, கியரும் பின்சக்கரத்தைப் பிடிக்காது. ஆட்களோடு வண்டி உருளும். கால் பிரேக்தான் மிச்சம்.

ஜாக்கி வைத்து ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலும் இதே ஆபத்துதான். கைப்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி நகரும். ஆகவே வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல் வையுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போடுங்கள். பிறகுதான் அடியில் படுக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை விடுங்கள். ஒரு கையால் தண்டையும் மறு கையால் மூட்டின் அடுத்த பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். மூட்டுக்குள் ஆட்டம் இருந்தால் கிராஸை மாற்ற வேண்டும். அதற்கு மேல் கிரீஸ் அடிப்பது வீண். ஆட்டம் இல்லையென்றால் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கும் வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். ஒரு கப்பில் மட்டும் வரவில்லையா? அந்தக் கை காய்ந்து கிடக்கிறது என்று பொருள். நிப்பிளே இல்லாத கிராஸும் உண்டு. அது கெட்டால் மாற்றுவதுதான் வழி.

தண்டைக் கழற்றும் முன் எல்லா இணைப்பிலும் பெயின்டால் கோடு போடுங்கள். இரண்டு மூட்டும் பழைய நேரிலேயே சேர வேண்டும். மாறிச் சேர்ந்தால் வண்டி அதிரும். புது கிராஸும் சீக்கிரம் போகும்.

இதில் பயணிகளுக்கும் ஒரு வேலை உண்டு. எஞ்சின் இரைச்சலில் ஓட்டுநருக்குக் கேட்காத சத்தம் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கேட்கும். கூச்சப்பட வேண்டாம். வண்டி நின்றதும் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அடியில் கீச்சுன்னு கேட்குது. பாருங்க."