எல்லை மூடப்பட்டபோது எவர் கணக்கிலும் இல்லாதவர்கள்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதித் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தியாவின் முதல் கொரோனா தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான் உறுதிசெய்யப்பட்டது. 2018இல் நிபாவை எதிர்கொண்ட அனுபவமும், வலுவான பொதுச் சுகாதாரக் கட்டமைப்பும், உள்ளாட்சி அமைப்புகளும் இடது ஜனநாயக முன்னணி அரசுக்குத் துணைநின்றன. குடும்பஸ்ரீ பெண்கள் சமூகச் சமையற்கூடங்களை நடத்தினர். குடும்ப அட்டைதாரர்களுக்கு இலவச அரிசியும் 17 பொருள்கள் அடங்கிய தொகுப்பும் வழங்கப்பட்டன. இச்சாதனை பெருமைக்குரியது. ஆயினும் அது எங்கே முடிந்துபோனது என்பதையும் எல்லைப்பகுதித் தோழர்கள் அறிவார்கள்.

கம்பம், தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் ஊர் திரும்புகின்றனர். 2020 மார்ச்சில் அப்பாதைகள் அடைபட்டன. தோட்டங்களில் தங்கியிருந்தவர்கள் வாகனமின்றி மலைப்பாதைகளில் நடந்தே திரும்பினர். அவ்வாறு ராசிங்காபுரம் நோக்கி வந்த குழுவொன்று போடி மலைப்பகுதியில் காட்டுத்தீயில் சிக்கியது. குழந்தை உட்படச் சிலர் மாண்டனர். அவர்களைக் கொன்றது நோய்க்கிருமி அன்று.

பாலக்காட்டு எல்லையிலும் துயரம் குறைவில்லை. பிற மாநிலங்களிலிருந்து ஊர் திரும்பியோர், அனுமதிச் சீட்டு இல்லாத காரணத்தால், மே மாதத்தில் வாளையார் சோதனைச் சாவடியில் காத்துக்கிடந்தனர். சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொள்ளாச்சியும் கோவையும் திடீரென வேற்று நாடாயின.

ஏலத்தோட்டத் தொழிலாளியின் குடும்ப அட்டை தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆகவே தமிழ்நாடு அரசின் 1000 ரூபாயும் இலவச அரிசியும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் அவர் இழந்த கூலி கேரளத்தில் ஈட்டவேண்டியது. அதற்கு யார் பொறுப்பு? ஊரடங்குக் காலத்துக்கு ஊதியம் பிடிக்காமல் வழங்கவேண்டும் என்று ஒன்றிய உள்துறை மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. மே மாதத்திலேயே அதை விலக்கிக்கொண்டது. உத்தரவு நடப்பிலிருந்த நாள்களிலும், பதிவேட்டில் பெயரில்லாத நாட்கூலித் தொழிலாளி எந்த ஆவணத்தைக் காட்டி ஊதியம் கேட்க முடியும்? மார்ச்சில் நிறுத்தப்பட்ட ஏலக்காய் ஏலம் மே இறுதியில் மீண்டும் தொடங்கியது. சரக்குக்குச் சந்தை திரும்பியது. இழந்த கூலி திரும்பவில்லை.

இது இம்மலைக்கு மட்டும் உரிய கதையன்று. ஆப்பிரிக்காவின் லெசோதோ, நான்கு புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறு நாடு. அதன் மக்கள் தலைமுறைகளாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலும் வீடுகளிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பி வருகின்றனர். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டது. லெசோதோவில் முதல் தொற்று உறுதியானதோ மே 13 அன்று. அதாவது, நோய் வந்து சேருமுன்பே வருமானம் அற்றுப்போயிற்று. மூலதனம் எல்லை கடந்து உழைப்பை வாங்குகிறது. நெருக்கடி வரும்போது உழைப்பாளியை எல்லைக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது.

எனவே நோயைத் தடுக்கக் கட்டுப்பாடு வேண்டாம் என்பது வாதமன்று. கட்டுப்பாட்டின் சுமையை யார் சுமப்பது என்பதே கேள்வி. எல்லை கடந்து வரும் தோட்டத் தொழிலாளர்களை இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் இணைந்து பதிவுசெய்து, தமிழிலும் மலையாளத்திலும் அடையாள அட்டை வழங்கவேண்டும். பேரிடர் நிவாரணம் குடியிருப்பை மட்டுமன்றி வேலைத்தலத்தையும் அடிப்படையாகக் கொள்ளவேண்டும். சோதனைச் சாவடியில் மருத்துவப் பரிசோதனையும் தங்குமிடமும் உணவும் உறுதிசெய்யப்படவேண்டும்.

இக்கோரிக்கைகள் கட்சி அணிகளுக்கும் ஒரு கடமையைச் சுட்டுகின்றன. தேனியில் ஒரு சங்கமும் இடுக்கியில் மற்றொரு சங்கமும் ஒரே தொழிலாளியின் ஒவ்வொரு பாதியை மட்டுமே காணும் நிலை மாறவேண்டும். அடுத்த தொற்று வரும் நாள் தெரியாது. பதிவேட்டை இன்றே தொடங்கலாம். காலை ஜீப்பில் ஏறுவோரின் பெயர்களைக் கிளைத் தோழர்கள் எழுதத் தொடங்குவதே அதற்கு முதற்படி.